நேரலைக்கு வீடியோ என்கோடிங்: ப்ராசஸரா, கிராபிக்ஸ் கார்டா?

ஒரே கணினியில் கேம் ஆடிக்கொண்டே நேரலையும் செய்தால் ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் என்கோடிங்குக்கு, அதாவது வீடியோவைச் சுருக்கி அனுப்பும் வேலைக்கு, எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுங்கள். என்விடியா கார்டுகளில் என்கோடிங்குக்கென்றே என்வென்க் என்ற தனிச் சுற்று இருக்கிறது. கேமை வரையும் பகுதிக்கு அதனால் பெரிய சுமை இல்லை. ப்ராசஸரில் ஓடும் எக்ஸ்264 என்கோடர் அப்படியல்ல, கேமுக்கு வேண்டிய ப்ராசஸர் கோர்களையே பங்குபோடும். அதன் வேக அமைப்பை 'வெரிஃபாஸ்ட்'டிலிருந்து மெதுவான 'மீடியம்' ஆக்கினால் தரம் கூடும், சுமையும் எகிறும். 2018இல் வந்த டூரிங் தலைமுறை கார்டுகளிலிருந்து என்வென்க்கின் தரம் நன்றாகவே உயர்ந்துவிட்டது. 'வெரிஃபாஸ்ட்' தரத்துக்காக ப்ராசஸரை வாட்ட இனி அவசியமே இல்லை. ரொம்பப் பழைய கார்டு, ஆனால் நிறைய கோர்கள் உள்ள ப்ராசஸர் என்றால் எக்ஸ்264 சரி.

அப்புறம், கேமே கிராபிக்ஸ் கார்டை 100% பிடித்துக்கொண்டால் காட்சிகளைக் கோக்க ஓபிஎஸ்ஸுக்கே இடமில்லாமல் ஃப்ரேம்கள் விடுபடும். கேமின் ஃப்ரேம் ரேட்டுக்கு ஒரு வரம்பு வையுங்கள்.