சார்ல்ஸ் டேஸ் ரசல் மாந்திரீகம் செய்தவரா, பிரீமேசனா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: யெகோவாவின் சாட்சிகள் இயக்கத்துக்கு வித்திட்ட ரசல் ஒரு பிரீமேசன் (ரகசியச் சடங்குகள் உள்ள ஒரு சகோதரச் சங்கத்தின் உறுப்பினர், சுருக்கமாக மேசன்), இலுமினாட்டி வம்சம், ஆவிகளோடு தொடர்பு வைத்திருந்தவர், அதனால்தான் அவருடைய கல்லறையில் பிரமிடு இருந்தது. இதெல்லாம் உண்மையா?

இல்லை. அவர் பிரீமேசனாக இருந்ததற்கோ, ஆவிகளிடம் குறி கேட்டதற்கோ, மந்திரச் சடங்கு செய்ததற்கோ ஒரு சான்றும் கிடையாது. கணக்கைத் தப்பாகப் போட்டவர், போட்ட கணக்கைப் பிறகு மாற்றி அச்சடித்தவர் என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். அது வேறு குற்றம்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊகிக்க முடிகிறது. யாரோ ஒருவர் சாட்சிகளோடு வேதப்படிப்புக்கு உட்கார்ந்திருப்பார். சித்தப்பாவோ சபை மூப்பரோ உடனே ஒரு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். வேதத்தை வைத்துப் பதில் சொல்லப் பொறுமை இல்லாதபோது கைக்கு எளிதாக வருவது ‘அவன் சூனியக்காரன்’ என்ற வார்த்தை.

இதை எழுதியதும் ‘நீ எந்தச் சபை, எவ்வளவு வாங்கினாய்’ என்று கேட்க ஆள் வரும். நான் சாட்சி அல்ல. திரித்துவத்தை ரசல் மறுத்தது, 1914இல் இந்த உலக ஆட்சிகள் முடிவுக்கு வரும் என்று அவர் கட்டிய காலக்கணக்கு, இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் உடன்படாத ஒருவர்மேல் பொய் சொல்லலாம் என்று எந்த வேதத்திலும் நான் படித்ததில்லை.

கல்லறையிலிருந்து தொடங்குகிறேன், வீடியோக்கள் எல்லாம் அந்தப் படத்தில்தான் தொடங்குகின்றன. ரசல் 1916 அக்டோபர் 31 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் ரயிலில் போய்க்கொண்டிருக்கும்போது இறந்தார். பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய கல்லறைக்கல் தனியாக, சிறியதாக இருக்கிறது. படத்தில் காட்டப்படும் சுமார் 7 அடி உயரப் பிரமிடு அந்தக் கல்லறையின்மேல் நின்றதல்ல. சில அடிகள் தள்ளி, அவருடைய சங்கத்துக்குச் சொந்தமான மனையின் நடுவில் நின்றது. அங்கே அடக்கமாகும் சங்க ஊழியர்களின் பெயர்களைப் பொறிப்பதற்கான பொது நினைவுக்கல் அது. அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் அதை எழுப்பினார்கள், 2021இல் அகற்றியும் விட்டார்கள். பக்கத்திலேயே மேசன் மண்டபம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது ரசல் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து வந்த கட்டடம். செத்தவர் எழுந்துவந்து பக்கத்து மனைக்காரரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆனால் ஏன் பிரமிடு? இதை மழுப்பினால் உங்கள் சித்தப்பா விடமாட்டார், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

எகிப்தின் பெரிய பிரமிடைக் கடவுளே கட்டச்செய்த சாட்சி என்று ரசல் நம்பினார். 1891இல் வெளிவந்த தம் வேத விளக்க நூல் வரிசையின் மூன்றாம் தொகுதியில் அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆதாரமாக அவர் காட்டியது ஏசாயா 19:19: ‘எகிப்துதேசத்தின் நடுவிலே கர்த்தருக்கு ஒரு பலிபீடமும், அதின் எல்லையருகே கர்த்தருக்கு ஒரு தூணும் உண்டாயிருக்கும்.’ இந்த எண்ணம் அவருக்கு எந்த ரகசியச் சங்கத்திலிருந்தும் வரவில்லை. லண்டனில் ஜான் டெய்லர் 1859இல் எழுதினார். ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் பியாட்சி ஸ்மித் 1864இல் அதையே பெரிய நூலாக்கினார், பிறகு கீசாவுக்கே போய் அளந்தார். அமெரிக்காவில் ஜோசப் சைஸ் என்ற லூத்தரன் போதகர் 1877இல் பிரமிடைக் ‘கல்லில் ஓர் அற்புதம்’ என்று புத்தகமே போட்டார். லூத்தரன் சபையை யாரும் சூனியச் சபை என்று சொல்லக் காணோம்.

கணக்கு இப்படி ஓடும். ஒரு ‘பிரமிடு அங்குலம்’ நம் அங்குலத்தைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதல். ஓர் அங்குலம் ஓர் ஆண்டு. பிரமிடுக்குள் இருக்கும் பெரிய கூடத்தின் கீழ் முனையிலிருந்து ஏறுபாதையில் பின்னோக்கி 1542 அங்குலம் இறங்கினால் நுழைவுப் பாதையோடு சேரும் இடம் வரும். அது கி.மு. 1542. அங்கிருந்து கீழே அடிக்குழியின் வாய்வரை அளந்தால் 3416 அங்குலம். 3416இல் 1542ஐக் கழித்தால் 1874, அதாவது கிறிஸ்துவின் கண்காணா வருகைக்கு ரசல் ஏற்கெனவே வைத்திருந்த ஆண்டு. பிந்தைய பதிப்புகளில் அதே பாதை 3457 அங்குலமாகிவிட்டது. கழித்துப் பாருங்கள், 1915 வரும். கல்லில் வெட்டிய பாதை 41 அங்குலம், ஒரு மீட்டருக்கும் மேல், எப்படி நீண்டது? இதற்கு நல்ல பதில் கிடையாது. எதிர்பார்த்த ஆண்டு மாறியது, அளவும் மாறியது.

இதில் இன்னொரு அடிப்படைக் கோளாறும் உண்டு. ஸ்மித்தின் கணக்கு நிற்க வேண்டுமானால் பிரமிடின் ஒரு பக்கம் ஏறக்குறைய 9140 அங்குலம் இருக்க வேண்டும். 365¼ நாளை 25 பிரமிடு அங்குல முழத்தால் பெருக்கி, நம் அங்குலத்துக்கு மாற்றிப் பெற்ற எண் அது. தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி கருவிகளோடு போய் அளந்து 1883இல் வெளியிட்டார்: சராசரி 9069. ஆறடி குறைகிறது. ரசலின் அதிகாரம் அச்சேறியது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து. அவர் கவனித்திருக்க வேண்டும். அந்தக் குற்றச்சாட்டை வையுங்கள், அவர் தலைமேல் சரியாக உட்காரும். அவருக்குப் பின் சங்கத் தலைவராக வந்த ரதர்போர்டே 1928இல் பிரமிடுக் கொள்கையைச் சாத்தானுடையது என்று தள்ளிவிட்டார். ஆனால் டேப் பிடித்து அளந்து கூட்டிக் கழித்தது மாந்திரீகம் ஆகாது. பிரமிடுக்குள் அவர் தேடியது வேதத்தில் தாம் கண்டதாக நம்பிய தேதிகளுக்கு ஒரு கல்சாட்சி, அவ்வளவுதான்.

அடுத்தது சின்னங்கள். சிலுவையும் கிரீடமும் 1891 முதல் 1931 வரை, அவர் தொடங்கிய காவற்கோபுரப் பத்திரிகையின் அட்டையில் இருந்தன. மேசன்களில் ‘டெம்ப்ளர்’ பிரிவினரும் அதே சின்னத்தை வைத்திருக்கிறார்கள், உண்மை. கிறிஸ்தவ விஞ்ஞான சபையும் வைத்திருக்கிறது. அமெரிக்க ஞாயிறு பள்ளிகளில் தவறாமல் வரும் பிள்ளைகளுக்குக் குத்திவிட்ட ஊசிப்பதக்கங்களிலும் அது உண்டு. ‘சிலுவை இல்லையேல் கிரீடம் இல்லை’ என்ற தலைப்பில் குவேக்கரான வில்லியம் பென் 1669இல் நூல் எழுதினார். லண்டனில் மேசன்களின் முதல் பெருமன்றமே 1717இல்தான் தொடங்கியது. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள்? எல்லாருக்கும் ஊற்று ஒன்றுதான், ‘ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்’ என்ற வெளிப்படுத்தல் 2:10.

அவருடைய நூல் தொகுதிகளின் அட்டையில் பிற்காலத்தில் வந்த இறக்கை முளைத்த சூரியனும் அப்படித்தான். எகிப்தியச் சின்னம், ஆம். மல்கியா 4:2ஐயும் திறந்து பாருங்கள்: ‘நீதியின் சூரியன் உதிக்கும், அதின் செட்டைகளின்கீழ் ஆரோக்கியம் இருக்கும்.’ 2015இல் எருசலேமில் அறிவிக்கப்பட்ட எசேக்கியா ராஜாவின் களிமண் முத்திரையிலும் செட்டை விரித்த சூரியன் இருக்கிறது. அட்டைப்படத்தை வைத்து ரசலைச் சூனியக்காரர் ஆக்கினால், விக்கிரகங்களை உடைத்த எசேக்கியாவையும் அதே வரிசையில் நிறுத்த வேண்டும்.

‘நான் ஒரு பிரீமேசன் என்று அவரே சொன்னார்’ என்று வீடியோவில் ஒரு வரி போடுவார்கள். அந்த வார்த்தைகளை அவர் சொன்னார், அதுவும் உண்மை. 1913இல், மேசன்களின் கட்டடத்தில் நடந்த கூட்டத்தில். மேசன் என்றால் கொத்தனார். ‘ஜீவனுள்ள கற்களைப்போல’ விசுவாசிகள் ஆலயமாகக் கட்டப்படுகிறார்கள் என்ற 1 பேதுரு 2:5ஐ ஒட்டி, இந்த மண்டபத்தாரைப் போல நாமும் கொத்தனார்கள்தான் என்று அவர் சொல்விளையாட்டாகப் பேசினார். நாம் எல்லாரும் அப்படியே என்று நம்புகிறேன் என்றார். உடனே, ஆனால் அவர்களுடைய பாணியில் அல்ல என்றார். அதே உரையில் தாம் ஒருபோதும் மேசனாக இருந்ததில்லை என்று வெளிப்படையாகவும் சொன்னார். கத்தரிப்பவர்கள் முதல் துண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மேசன் பெருமன்றமும் அவர் தங்கள் ஆள் அல்ல என்றே எழுதிவைத்திருக்கிறது. புகழ்பெற்ற உறுப்பினர்களைப் பட்டியல் போட்டுப் பெருமைப்படும் சங்கம் அது, மறைக்கக் காரணம் இல்லை.

யேலின் ரகசியச் சங்கத்தை நடத்தும் ‘ரசல் அறக்கட்டளை’ இவருடைய குடும்பத்துடையது, அதனால் இலுமினாட்டி வம்சம் என்ற கதையைச் சுருக்கமாக முடிக்கலாம். யேல் பல்கலைக்கழகத்தின் மண்டையோட்டுச் சங்கத்தை 1832இல் தொடங்கியவர்களில் ஒருவர் வில்லியம் ஹன்டிங்டன் ரசல், கனெக்டிகட்டின் பழைய குடும்பம். நம்மவர் அயர்லாந்திலிருந்து குடியேறிய துணிக்கடைக்காரர் ஜோசப் ரசலின் மகன். பெயர் மட்டும்தான் ஒன்று.

இனி, வீடியோக்காரர்கள் தொடவே தொடாத இடத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். 1848இல் நியூயார்க் மாநிலத்தில் பாக்ஸ் சகோதரிகள் செத்தவர்களோடு பேசுகிறோம் என்று கிளப்பியதிலிருந்து அமெரிக்கா முழுக்க ஆவி அழைக்கும் கூட்டங்கள் பெருகின. படித்தவர்கள், பாதிரிகள்கூடப் போனார்கள். அந்தக் காலத்தில் ரசல் போதித்தது என்ன? செத்தவன் எங்கும் உயிரோடு இல்லை, உயிர்த்தெழும்வரை உணர்வற்றுத் தூங்குகிறான் என்று. ‘மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்’, பிரசங்கி 9:5. செத்தவன் ஒன்றும் அறியான் என்றால், மேசையைத் தட்டிப் பாட்டியின் குரலில் பேசுவது பாட்டி அல்ல, பிசாசு. இதை 1897இல் தனிச் சிறுநூலாகவே அச்சடித்தார். உபாகமம் 18, ‘உயிருள்ளவர்களுக்காகச் செத்தவர்களிடத்தில் விசாரிக்கலாமோ’ என்ற ஏசாயா 8:19 எல்லாவற்றையும் அடுக்கி, அந்தப் பக்கமே போகாதே என்றார். ஆத்துமா சாகாது என்று போதித்த பெரிய சபைகள் ஆவிக் கூட்டக்காரனுக்குப் பாதி வழி விட்டுக்கொடுத்தன. ரசல் கதவையே அடைத்தார். அவருடைய போதனை சரியா தவறா என்பது தனி வழக்கு. ஆனால் செத்தவர்களோடு பேசவே முடியாது என்று ஆயுள் முழுக்க எழுதியவரை ஆவிகளோடு பேசியவர் என்பது எந்த நியாயம்?

ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன், பின்னூட்டத்தில் யாராவது கொண்டுவருவார்கள். விழுந்துபோன தூதன் சொல்லச் சொல்ல எழுதியதாகக் கூறப்பட்ட நாவல் ஒன்றை அவருடைய இயக்கத்துப் பத்திரிகை பரிந்துரைத்தது. நடந்தது 1924இல், அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அன்றைய ஆசிரியர்கள்.

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் ‘சூனியம்’ என்ற வார்த்தை நம் ஜெபக்கூட்டங்களில் படும் பாடு எனக்குத் தாங்கவில்லை. காமாலை வந்தால் செய்வினை, பிள்ளை தரிக்கவில்லை என்றால் செய்வினை, வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள்கள் உபவாசத்தில் கழிகின்றன, விதவையாகத் தனித்திருக்கும் பெண்ணுக்குத் தெருவில் பெயர் கெடுகிறது. அமெரிக்காவில் செத்துப்போனவருக்கு இதனால் நஷ்டமில்லை, இந்தப் பெண்களுக்கு உண்டு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வீடியோ வரும்போது மூன்றைக் கேளுங்கள்: அந்தப் பொருள் எந்த ஆண்டில் வந்தது, அப்போது ரசல் உயிரோடு இருந்தாரா, அதே சின்னத்தை அந்தக் காலத்தில் வேறு யார் வைத்திருந்தார்கள். மேற்கோள் காட்டினால் முன்னும் பின்னும் இரண்டு பக்கம் கேளுங்கள். நூல் காட்டினால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள், 3416க்கும் 3457க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தீர்களே. வீட்டில் படிப்புக்கு உட்கார்ந்திருப்பவரை நிறுத்தத்தான் வேண்டும் என்றால் அந்த 41 அங்குலத்தைப் பற்றிப் பேசுங்கள், 1914ஐப் பற்றிப் பேசுங்கள். அவர் பதில் தேடிப் படிப்பார்.