எழுத்துப்பிழையும் மூளையும்

வணக்கம் சார்,

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன், ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னிடம்தான். சர்வீஸ் பிரிவுக்கு சூப்பர்வைசர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தோம். ஒருவர் கைப்பட எழுதிய விண்ணப்பம் அனுப்பியிருந்தார். ‘பத்து வருட அணுபவம்’, ‘காயில் எறிந்து விட்டால் நானே கட்டுவேன்’ (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளைச் சொல்கிறார்), ‘வேலைக்கு சேர விறுப்பம்’ என்று வரிக்கு வரி பிழை. தாய்மொழியையே ஒழுங்காக எழுதத் தெரியாதவருக்கு என்ன புத்தி இருந்துவிடப் போகிறது என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். கூட வேலை பார்ப்பவர் இது அநியாயம் என்கிறார். எழுத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவது தப்பா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கூட வேலை பார்ப்பவர் சொல்வதுதான் சரி. அந்தக் கடிதத்திலிருந்து தெரிவதெல்லாம், பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவருக்குத் தமிழில் படிக்கவும் எழுதவும் அதிகம் வேலை வரவில்லை என்பதுதான்.

‘எறிந்து’, ‘விறுப்பம்’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் ஊர்ப் பேச்சில் ர, ற இரண்டும் ஒரே சத்தம், தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். கன்னியாகுமரி மாவட்டத்துப் பெரியவர்கள் பேச்சில் கரியும் கறியும் இன்னும் வேறுவேறாகக் காதில் விழும், அங்கே வளர்ந்த பிள்ளைக்கு இந்த விஷயத்தில் பாதி வேலை மிச்சம். மதுரை, நெல்லைப் பக்கம் பழம் ‘பளம்’ ஆகிவிடுகிறது, சென்னையில் ‘பயம்’. ண, ன வித்தியாசமும் பலர் பேச்சில் போய்விட்டது. இப்படிக் காது கைவிட்ட இடத்தில் கண்தான் காப்பாற்ற வேண்டும், கண்ணுக்கு அந்தப் பழக்கம் அச்செழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் வரும். தினமும் பேப்பர் வந்து விழுகிற வீட்டில் பிறந்தவருக்கு இது சும்மாவே கிடைத்துவிடுகிறது, அப்புறம் அதைத் தன் மூளை என்று நினைத்துக்கொள்கிறார். (வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்று பொங்கலுக்குப் பொங்கல் நடக்கும் சண்டையில் தமிழ் வாத்தியார்களே இரண்டு கட்சி.)

உங்கள் டிசைன் பிரிவு இன்ஜினியர்களைத் தமிழில் அரைப்பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்களேன். ‘இங்கிலீஷ் மீடியம் சார்’ என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், நீங்களும் சிரிப்பீர்கள். அவர்கள் புத்தியை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. இந்த மனிதருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது! டிஸ்லெக்சியா இருப்பவர்களுக்கு எழுத்துகள் கடைசிவரை மல்லுக்கட்டும், புத்தி நன்றாகவே இருக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்று, எழுத்துப்பிழை வேறு, இலக்கணப்பிழை வேறு. ‘காயில் எறிந்து விட்டால் நானே கட்டுவேன்’ என்ற வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் அதனதன் இடத்தில் இருக்கின்றன, என்ன ஆனால் என்ன செய்வார் என்பதும் தெளிவாக இருக்கிறது. பிழையே இல்லாமல் உங்களுக்கு வந்த மற்ற விண்ணப்பங்களில் எத்தனை பிரவுசிங் சென்டரில் அடித்து வாங்கியவையோ! அவற்றில் நீங்கள் மார்க் போட்டது கடைக்காரருக்கு.

எப்படி எழுதினாலும் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பட்டாவில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் பெயர் விழுந்துவிட்டால் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். பத்திரம் எழுதுகிறவரும் புரூப் பார்க்கிறவரும் பிழை விட்டால் எனக்குக் கோபம் வரும், அது அவர்கள் தொழில். நீங்கள் எடுப்பது அந்த வேலைக்கு ஆள் இல்லையே.

அவரை நேரில் கூப்பிட்டு, ஒரே போர்வெல் மோட்டாரில் மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை காயில் போயிருக்கிறது, முதலில் எங்கே பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய் மீதி இரண்டில் ஓடியதா, வோல்டேஜ் குறைவா, தண்ணீர் இறங்கி வெறுமனே ஓடியதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிறாரா அல்லது எடுத்த எடுப்பில் பழியை இபி மேல் போடுகிறாரா என்று கவனியுங்கள், ஆள் எப்படி யோசிப்பார் என்பது அங்கே தெரிந்துவிடும். சர்வீஸ் ரிப்போர்ட்டில் வோல்டேஜும் ஆம்ப்ஸும் சரியாக இருந்தால் போதும், ஒற்றெழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பத்து வருடம் காயில் கட்டிய ஆளைப் பக்கத்துக் கம்பெனிக்காரர் இந்நேரம் கூப்பிட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை, முதலில் போனைப் போடுங்கள்.