கோபுரத்துக்கும் டெண்டர் வழக்கா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விமான நிலையங்கள் தனியார் கைக்குப் போவதைப் பற்றிய உங்கள் கட்டுரையில், லண்டன் கேட்விக் நிலையத்தின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் நீதிமன்றம் வரை போனது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் ஓர் அரசுத் துறையில் டெண்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தோற்றவர் கோர்ட்டுக்கு ஓடுவதும், தடை வாங்குவதும், வேலை கிடப்பில் கிடப்பதும் எனக்குப் பழகிப்போன கதை. சாலை போடுவதில் அது நடந்தால் குண்டும் குழியுமாகச் சமாளிக்கலாம். வானில் உயிர்கள் இருக்கும்போதும் இதே கூத்தா? தோற்றவருக்கு நஷ்ட ஈடு கொடுத்து அனுப்பிவிட வேண்டியதுதானே? இந்த வேலையை ஒரு வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுப்பதே சரியா? நம் நாட்டுக்கும் இது வருமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே. அவர்களுக்கு,

உங்கள் அச்சத்தை முதலில் போக்கிவிடுகிறேன். கேட்விக்கில் தடை விழுந்தது புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்குத்தான். விமானங்கள் இறங்கவும் ஏறவும் அனுமதி தரும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் வழக்கம்போல் வேலை பார்த்தார்கள். அந்த வேலையைச் செய்துவந்த பிரிட்டனின் நாட்ஸ் நிறுவனமே வழக்கும் தொடுத்திருந்தது.

2009இல் கேட்விக் புதிய முதலாளிகளின் கைக்கு வந்தது. கோபுர வேலைக்கு அவர்கள் டெண்டர் விட்டார்கள். 2014இல் ஜெர்மனியின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான டிஎஃப்எஸ்ஸுக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் என்று முடிவானது. மதிப்பீடு முறையாக நடக்கவில்லை என்று நாட்ஸ் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நம் ஊரில் தடை வேண்டுமென்றால் வக்கீல் வைத்துக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே இத்தகைய கொள்முதல்களில், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வழக்குத் தாக்கலானாலே தடை தானாக விழுந்துவிடும். அதை நீக்கச் சொல்லி டெண்டர் விட்டவர்தான் நீதிமன்றத்தின் படியேற வேண்டும். கேட்விக் படியேறியது. நீதிபதி நீக்க மறுத்தார்.

‘நஷ்ட ஈடு போதாதா?’ என்று நீங்கள் கேட்டதுதான் அந்த விசாரணையிலும் மையக் கேள்வி. போதும் என்றால் தடை நீங்கிவிடும். சாலை ஒப்பந்தத்தில் போதும் என்றே நானும் சொல்வேன். கோபுரத்தில் போதாது என்று நினைக்கிறேன்.

கேட்விக்கில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் வேலை நடக்கும். அந்த ஒன்றிலேயே நெரிசல் வேளையில் மணிக்கு 55 விமானங்கள் இறங்கி ஏறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 65 வினாடி. இறங்கும் விமானம் ஓடுபாதையின் முனையைத் தாண்டியதும், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் முதுகுக்குப் பின்னால் புறப்படும் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். முன்னது விலகிய கணம் பின்னது கிளம்ப வேண்டும். ஏனென்றால் அடுத்தது ஏற்கெனவே சக்கரத்தை இறக்கிக்கொண்டு வந்துகொண்டிருக்கும். எந்த விமானம் சட்டென்று விலகும், எது தயங்கும், எந்தத் திருப்பத்தில் எந்த அளவு விமானம் மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அந்தக் கண்ணாடி அறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்தால்தான் பிடிபடும். அதனால்தான் கட்டுப்பாட்டாளரின் உரிமம் குறிப்பிட்ட நிலையத்துக்கு மட்டும் செல்லும்படி வழங்கப்படுகிறது. ஹீத்ரோவில் இருபது ஆண்டு இருந்தவர்கூட கேட்விக்கில் பயிற்சி எடுத்துத் தேறாமல் தனியாக மைக்கைத் தொட முடியாது.

ஆக, டெண்டரில் விலைபோவது பெரும்பாலும் இந்த ஆட்கள்தான். வேலை கை மாறினால் ஊழியர்களும் பழைய நிபந்தனைகளோடு தானாகவே புதிய நிறுவனத்துக்கு மாறிவிடுவார்கள் என்கிறது பிரிட்டன் சட்டம். மாற மாட்டேன் என்று மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஒருமுறை கலைந்த கூட்டத்தை, வழக்கில் வென்ற பிறகு பணத்தைக் கொடுத்து மீண்டும் சேர்த்துவிட முடியாது. தடை நியாயம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இதே காரணம், ஏற்கெனவே வேலை பார்த்துவரும் நிறுவனத்துக்குப் பெரிய பேரம் பேசும் பலத்தையும் கொடுத்துவிடுகிறது. ஆட்கள் அதன் கையில், தடையும் அதன் கையில். புதிதாக வருபவர் எவ்வளவு மலிவாகக் கேட்டிருந்தாலும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். நாட்ஸ் அந்தப் பலத்தைப் பயன்படுத்தவில்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் முழு விசாரணை நடக்கவே இல்லை. இரு தரப்பும் சமரசமாகி, 2016 மார்ச்சில் டிஎஃப்எஸ்ஸின் பிரிட்டன் கிளை நிறுவனம் கோபுரத்தை ஏற்றது. மதிப்பீட்டில் பிழை இருந்ததா என்பதற்குத் தீர்ப்பும் கிடைக்காமல் போனது.

2022 அக்டோபரில் கோபுரம் மறுபடி நாட்ஸிடமே வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கோபுரத்தில் ஆள் பற்றாக்குறை. நோய் விடுப்பும் சேர்ந்துகொள்ள, ஒரு வாரத்துக்கு நாளொன்றுக்கு 800 விமானங்களுக்கு மேல் கூடாது என்று நிலையமே கட்டுப்பாடு போட்டது. பலகையில் யார் பெயர் இருந்தாலும், பயிற்சி முடித்த ஆட்கள் இல்லையென்றால் அவ்வளவுதான்.

‘வெளிநாட்டுத் தனியார் நிறுவனம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். டிஎஃப்எஸ் முழுக்க ஜெர்மன் அரசுக்குச் சொந்தமானது. நாட்ஸில் பிரிட்டன் அரசின் பங்கு 49 சதவீதம். ஒரு தனியார் விமான நிலையம் விட்ட டெண்டரில், பாதி அரசு நிறுவனத்தை அயல்நாட்டின் முழு அரசு நிறுவனம் தோற்கடித்தது என்பதே நடந்த கதை. இதை வைத்து எந்தக் கட்சிக்காரரும் மேடையேற முடியாது.

இது அரசு மட்டுமே செய்ய வேண்டிய வேலையா என்ற கேள்வியை அமெரிக்காவில் நேராகவே கேட்டார்கள். 1981 வேலைநிறுத்தத்தில் 11,000க்கும் அதிகமான கட்டுப்பாட்டாளர்களை அதிபர் ரீகன் வேலையைவிட்டு நீக்கினார். மறு ஆண்டே சில சிறிய கோபுரங்கள் ஒப்பந்த நிறுவனங்களிடம் போயின. திட்டம் விரிவானபோது, 1994இல் கட்டுப்பாட்டாளர்களின் தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கு 2011இல்கூட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நின்றது. இதற்கிடையே 2000 டிசம்பரில் அதிபர் கிளின்டன், இது இயல்பிலேயே அரசின் பணி என்று ஆணையில் எழுதினார். 2002 ஜூனில் அடுத்த அதிபர் புஷ் அந்த வாசகத்தை மட்டும் அடித்துவிட்டார். பதினேழு ஆண்டு வழக்குக்கு நடுவில் இரண்டு பேனாக்கள் செய்த வேலை இது!

நம் நாட்டில் கோபுரங்கள் இன்னும் இந்திய விமான நிலைய ஆணையத்திடம்தான். 2006இல் டெல்லி, மும்பை நிலையங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிலையன்ஸ் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது நினைவிருக்கும். அந்தப் பேரத்தில் முனையம் இருந்தது, நிலம் இருந்தது, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு இல்லை. இனி வருமா என்பதற்கு ஜோசியம் சொல்ல மாட்டேன். வந்தால், ஏற்பவர் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருக்க வேண்டும், கை மாற எத்தனை மாதம் என்ற பிரிவைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். அது எந்தப் பின்னிணைப்பின் எந்த மூலையில் கிடக்கும் என்பது, டெண்டர் பிரிவில் இருந்த உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.