பிஸ்டல் வேணுமாம் எங்க வீட்டுக்காரருக்கு

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்துக்குள்ள எங்க வீடு, பக்கத்து வீடு அரை கிலோமீட்டர் தள்ளி. பசங்க வெளியூர்ல, நாங்க ரெண்டு பேர்தான். 2024ல பல்லடம் பக்கம், 2025ல சிவகிரி பக்கம்னு தோட்டத்து வீட்ல கொலை நடந்ததுல இருந்து, 71 வயசு எங்க வீட்டுக்காரர் பிஸ்டல் வாங்கியே தீருவேன்னு நிக்கறார். லைசென்ஸ் குடுப்பாங்களா? சுட்டா நம்ம மேலயே கேஸ் வருமா?

பதில்: உங்க பயம் நியாயமானதுங்க அம்மா. ஆனா சினிமால பாக்கற 9 எம்எம் எல்லாம் கிடைக்காது, தடை பண்ணின ரகம். நம்மள மாதிரி ஆளுக்கு பெரும்பாலும் பாயிண்ட் 32 ரிவால்வர்தான், அதுக்கே லட்சத்துக்கு மேல ஆகும். அப்ளிகேஷன் கலெக்டர் ஆபீஸ்ல, சிட்டின்னா கமிஷனர் ஆபீஸ்ல. ஸ்டேஷன்ல விசாரிப்பாங்க, உங்க உயிருக்கு என்ன ஆபத்துன்னு கேப்பாங்க, சும்மா பயமா இருக்குன்னா தள்ளிவிடத்தான் பாப்பாங்க. கிடைச்சா 5 வருஷம், அப்புறம் ரினியூவல்.

எங்க மாமா ஒருத்தர் ரெட்டைக்குழல் வச்சிருந்தார். எலக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லிடுவாங்க, பார்லிமெண்ட், சட்டசபை, ஊராட்சின்னு மாத்தி மாத்தி வருதே, துப்பாக்கி நம்ம வீட்ல இருந்தத விட அங்க இருந்ததுதான் ஜாஸ்தின்னு அத்தை கிண்டலடிக்கும்.

வீட்ல இருந்தாலும் பூட்டித்தான் வைக்கணும், லீவுக்கு பேரப்பிள்ளைங்க வர்ற வீடு வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு கதவ ஒடைக்கற சத்தம் கேட்டு, கண்ணாடிய தேடி, சாவிய தேடி, பீரோவ தெறந்து குண்டு போடறதுக்குள்ள வந்தவன் கட்டில் பக்கத்துல நிப்பான், அவன் மூணு பேரா வந்திருந்தா துப்பாக்கி யார் கைக்குப் போகும்னு உங்க வீட்டுக்காரரையே கேளுங்க.

கேஸ் விஷயம். தற்காப்பு உரிமை முன்னாடி ஐபிசில இருந்தது, 2024 ஜூலைல இருந்து பாரதிய நியாய சன்ஹிதால 34ல இருந்து 44ஆம் பிரிவு வரைக்கும் இருக்கு. பொழுது சாஞ்சதுக்கும் விடியறதுக்கும் நடுவுல வீட்ட ஒடைச்சு உள்ள வர்றவன தடுக்கறப்ப அவன் செத்துப்போனாக்கூட சட்டம் உங்களுக்கு எடம் குடுக்குது, ஆனா தேவைக்கு மேல போகக்கூடாது. காம்பவுண்ட் தாண்டி ஓடறவன முதுகுல சுட்டீங்கன்னா கதை மாறிடும். நியாயமா சுட்டிருந்தாலும் எஃப்ஐஆர் வரும், துப்பாக்கிய எடுத்துட்டுப் போவாங்க, தற்காப்புதான்னு கோர்ட்ல நீங்கதான் காட்டணும்.

அந்த லட்ச ரூபாய்க்கு வாசல்லயும் பின்கட்டுலயும் கனமான கிரில், ஆள் நடந்தா தானா எரியற லைட், ரெண்டு நாட்டு நாய், அதுல ஒண்ண ராத்திரி வீட்டுக்குள்ள கட்டுங்க, வெளிய இருக்கறதுக்கு விஷம் வச்சிருவாங்க. நகைய பேங்க் லாக்கர்ல போட்டுட்டு அத நாலு பேர் காதுல விழற மாதிரி சொல்லுங்க. 112 தலைமாட்டு போன்ல ரெடியா இருக்கட்டும்.

கேள்வி: ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேணாமாமே, அத வாங்கி வச்சா போதுமா?

பதில்: குழல் துவாரம் பாயிண்ட் 177 அளவு, குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூல், இதுக்கு மேல போகாததுக்கு லைசென்ஸ் வேணாம், சரிதான். அது தகர டப்பா சுட்டு பழக. அத நீட்டினா திருடன் நிஜம்னு நம்புவான், நம்பினவன் அருவாள கீழ போடுவான்னு என்ன நிச்சயம்?