கலிஃபோர்னியாவில் சிறைக் கைதிகளைக் காட்டுத்தீ அணைக்க அனுப்புகிறார்களாமே? அவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? கட்டாய வேலையா?

அனுப்புகிறார்கள், இன்று நேற்றல்ல. இரண்டாம் உலகப் போருக்கு ஆண்களெல்லாம் போய்விட, காட்டுத்தீ அணைக்க ஆளில்லாமல் கைதிகளை இறக்கினார்கள். 1946இல் சான் டியேகோ பக்கம் ரெயின்போ என்ற ஊரில் முதல் நிரந்தர முகாம் வந்தது. இப்போது மாநிலம் முழுக்க சுமார் 35 முகாம்கள் இருக்கின்றன. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது டிவியில் ஆரஞ்சு உடைக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு சம்பவத்தில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள்.

நான் கைதியும் இல்லை, தீயணைப்பு வீரனும் இல்லை. வரைபடம் போடுகிறவன். பெரிய தீ பிடித்தால் ஏதாவது ஒரு ஊரின் பொருட்காட்சி மைதானத்தில் கூடாரம் அடித்து அடிமுகாம் போடுவார்கள். ராத்திரி விமானம் எடுத்த அகச்சிவப்புப் படத்தை வைத்துத் தீயின் எல்லையைத் திருத்தி, விடியற்காலைக் கூட்டத்துக்குள் வரைபடத்தை அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. அடங்காத எல்லை சிவப்பு, அடங்கியது கறுப்பு. ஆரஞ்சு உடைக்காரர்கள் தூங்கும் இடம் தனி. அவர்களிடம் வெட்டிப்பேச்சு பேசக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது, போனைக் கடன் கொடுக்கவே கூடாது என்று எங்களுக்குச் சொல்லிவைப்பார்கள். அதனால் இங்கே எழுதுவதில் பாதி நான் தூர நின்று பார்த்தது. மீதி, பல வருடம் முகாமில் இருந்து வெளியே வந்து, இப்போது தனியார் ஒப்பந்தக் குழுவில் செயின்சா பிடிக்கும் ஒரு நண்பர் சொன்னது.

இவர்கள் கையில் குழாயும் இல்லை, தண்ணீரும் இல்லை. வண்டி போக முடியாத மலைச்சரிவில் நடந்தே ஏறி, தீ வரும் பாதையில் எரிவதற்கு எதுவும் இல்லாமல் செய்வதுதான் வேலை. நம் வனத்துறையும் வெட்டும் அதே தீத்தடுப்புக் கோடுதான். ஒரு குழுவில் பன்னிரண்டிலிருந்து பதினேழு பேர். அவர்களை நடத்திப் போவது தீயணைப்புத் துறையின் கேப்டன் ஒருவர். சிறைக்காவலர் அடிமுகாம் வரை வருவார், சரிவில் கேப்டன் மட்டும்தான். குழுவிலேயே அனுபவமுள்ள கைதி ஒருவர் அவருக்கு வலதுகை.

எல்லாருக்கும் முன்னால் செயின்சாக்காரர் போவார். அவர் அறுத்துத் தள்ளும் புதரை இழுத்து அப்புறம் வீச, பின்னாலேயே ஒருவர். அடுத்து வருபவர்கள் கையில் புலாஸ்கி, அதாவது ஒரு பக்கம் கோடாலியும் மறுபக்கம் கொத்தும் உள்ள கருவி. அதால் வேரைப் பெயர்ப்பார்கள். அதன் பின்னால் மெக்லியட் பிடித்தவர்கள், ஒரு பக்கம் வாரி, மறுபக்கம் பட்டையான வெட்டு அலகு உள்ள கருவி, சருகையும் மக்கையும் வழித்தெடுப்பார்கள். கடைசி ஆள் ஷவலோடு, விட்டதைச் சரிபார்த்துக்கொண்டே வருவார். ஒருவருக்கொருவர் பத்தடி இடைவெளி. முன்னால் சொல்லும் எச்சரிக்கையை ஒவ்வொருவரும் கத்திக் கடைசி ஆள்வரை கடத்தவேண்டும். எல்லாரும் கடந்தபின் வெறும் மண் மட்டும் தெரியவேண்டும், ஒரு சருகு கிடந்தாலும் தீ அதைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடும். முதுகில் தண்ணீர், சாப்பாடு, உயிர் காக்கும் தீக்கூடாரம் எல்லாம் சேர்த்து நல்ல பாரம். இப்படி 24 மணி நேர வேலை, அடுத்த 24 மணி நேரம் ஓய்வு.

தீ அடங்கியபின் இருக்கும் வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எரிந்து முடிந்த ஓரத்தில் அடி அடியாக நகர்ந்து, கையுறையைக் கழற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேல் காட்டிப் பார்ப்பார்கள். சூடு தெரிந்தால் தோண்டவேண்டும். மரத்தின் வேர் மண்ணுக்குள்ளேயே நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். உள்ளங்கை காய்த்துப்போய் உணர்வு மங்கியிருப்பதால்தான் புறங்கை என்றார் நண்பர். நான் வரைபடத்தில் ஒரு அங்குலச் சிவப்பைக் கறுப்பாக்குவதற்கு முன் அங்கே நடப்பது இதுதான்.

அப்புறம் பாய்சன் ஓக். இந்தச் செடியின் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளிக்கும். எரியும்போது வரும் புகையை இழுத்தால் தொண்டை, நுரையீரல் வரை போகும். அடிமுகாமில் குளியல் லாரிக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களின் முன்கைகளைப் பார்த்தாலே எந்தப் பக்கம் வேலை செய்தார்கள் என்று ஊகிக்கலாம். தீயைவிட இதற்குத்தான் பயந்தேன் என்று நண்பர் சொன்னபோது வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன், இல்லை.

தீ இல்லாத நாட்கள்தான் அதிகம். முகாமுக்கு மதில் கிடையாது, மின்வேலி கிடையாது. எல்லை எது என்று பலகை சொல்லும், அவ்வளவுதான். காலையில் தலை எண்ணுவார்கள், சாப்பாடு, பிறகு குழு வண்டியில் ஏறி வெளியே. சாலையோரப் புதர் வெட்டுவது, பூங்காப் பாதை சீர்செய்வது, வெள்ளம் வரப்போகிறது என்றால் மணல்மூட்டை கட்டுவது. சாயங்காலம் திரும்பியதும் கருவிகளை அரம் போட்டுத் தீட்டி வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். மறுபடி தலை எண்ணல். உள்ளே சிறையில் பல்துலக்கும் பிரஷைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கும் துறை, இங்கே அதே ஆள் கையில் கோடாலியைக் கொடுத்துத் தீட்டச் சொல்கிறது. சாப்பாடு சிறையைவிடப் பல மடங்கு மேல். பெரிய தீயின்போது மாநிலத்தின் நடமாடும் சமையலறைகளில் சமைப்பதும் கைதிகள்தான். மஞ்சள் சட்டை போட்ட அதிகாரிகளும் அதைத்தான் சாப்பிடுகிறோம், நானும் உட்பட. வார இறுதியில் குடும்பம் வந்து மரத்தடி மேசையில் உட்கார்ந்து பேசலாம். கண்ணாடித் தடுப்பு இல்லாமல் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள முடிந்ததற்காகவே முகாமில் தாக்குப்பிடித்தேன் என்றார் நண்பர்.

கட்டாயமா என்று கேட்டீர்கள். இல்லை, விண்ணப்பித்துத்தான் போகவேண்டும், எல்லாருக்கும் கிடைக்கவும் கிடைக்காது. தீவைப்பு, பாலியல் குற்றம், தப்பியோடிய வரலாறு இருந்தால் வாய்ப்பே இல்லை. மிச்சமிருக்கும் தண்டனை எட்டு வருடத்துக்குள் இருக்கவேண்டும். உடற்தகுதி பார்த்து, ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் களப்பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள். ஒழுங்கு தவறினால் திரும்பச் சிறைக்கு. ஆனால் நெரிசலும் சண்டையும் உள்ள சிறை ஒரு பக்கம், மரமும் காற்றும் மறுபக்கம் என்று வைத்துவிட்டு, நீயே தேர்ந்தெடு என்றால் அதை எந்த அளவுக்கு விருப்பம் என்பது? நவீன அடிமைத்தனம் என்று ஒரே வரியில் முடிப்பவர்களிடமும் எனக்கு உடன்பாடில்லை, தியாகச் செம்மல்கள் என்று மாலை போடுபவர்களிடமும் இல்லை. நான் கேள்விப்பட்டவரை, உள்ளே இருப்பவர்கள் இந்த இரண்டையும் பேசுவதில்லை. அவர்கள் பேசுவது நாள் கணக்கு.

வெளியே நாம் எல்லாரும் டாலரைப் பற்றித்தான் சண்டை போடுகிறோம். உண்மையான சம்பளம் நாட்கள். தீயணைப்புக் குழுவில் ஒரு நாள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தண்டனையில் கூடுதலாக இரண்டு நாள் கழியும். அதே முகாமில் சமையல், துப்புரவு என்று துணைவேலை பார்ப்பவருக்கு ஒரு நாள்தான். முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு மலை ஏறுபவர்கள் ஏன் ஏறுகிறார்கள் என்பதற்கு இந்த ஒரு வித்தியாசம் போதும். அடிபட்டதைச் சொன்னால் சமையலறை, சொல்லாவிட்டால் மகளின் பிறந்தநாளுக்கு வீடு. இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான், கூலிகூட அதற்கு அடுத்ததுதான்.

கூலியையும் சொல்லிவிடுகிறேன். ரொம்ப காலம் நாளொன்றுக்கு 5.80 முதல் 10.24 டாலர், தீயில் வேலை செய்யும்போது மணிக்கு 1 டாலர் கூடுதல். 24 மணி நேரம் மலையில் நின்றாலும் முப்பத்துச் சொச்சம் டாலரைத் தாண்டாது. 2025 அக்டோபரில் வந்த சட்டத்துக்குப் பிறகு, தீயில் இருக்கும் நேரத்துக்கு மணிக்கு 7.25 டாலர். அது நடுவண் அரசின் குறைந்தபட்சக் கூலி. அந்த வருடம் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலியே 16.50 டாலர், அதாவது பர்கர் கடைப் பையனுக்குப் பாதிகூட இல்லை. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆபத்து உண்டா என்றால், உண்டு. 2016இல் மாலிபு மலையில் பாறை உருண்டு விழுந்து 22 வயதுப் பெண் கைதி ஒருவர் இறந்தார். விடுதலைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அடுத்த வருடமே மரம் விழுந்து ஒருவர், செயின்சா வெட்டி ஒருவர்.

வெளியே வந்தபின் இதே வேலை கிடைக்குமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். ரொம்ப காலம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. நகர, மாவட்டத் தீயணைப்பு நிலையங்கள் பலவற்றில் சேர அவசர மருத்துவ உதவியாளர் சான்றிதழ் வேண்டும், குற்றப் பதிவு இருந்தால் அது பெரும்பாலும் கைக்கு எட்டாது. மாநிலத்துக்காக மலை மலையாகக் கோடு வெட்டியவர், வெளியே வந்து அந்த நிலையங்களில் விண்ணப்பிக்கத் தகுதியில்லாதவர். 2018இல் காமரில்லோவில் பரோலில் வந்தவர்களுக்கென்று 18 மாதப் பயிற்சி மையம் தொடங்கினார்கள். 2020 செப்டம்பரில் ஒரு சட்டம் போட்டார்கள். முகாமில் நன்றாக வேலை செய்தவர்கள் விடுதலையானதும் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, குற்றத் தீர்ப்பை நீக்கக் கேட்கலாம். கொலை, கடத்தல் போன்ற கடுங்குற்றங்களுக்கு இது பொருந்தாது. தானாக நடக்கும் விஷயமும் இல்லை, நீதிபதி மனது வைக்கவேண்டும்.

நண்பர் மனுப் போட்டார், கிடைத்தது. ஆனால் அதற்குள் ஒப்பந்தக் குழுவிலேயே நல்ல பெயர், குடும்பம், வீட்டுக் கடன் என்று ஆகிவிட்டதால் நிலையத்துக்குப் போக விருப்பமில்லை என்கிறார். போன கோடையில் என் கூடாரத்துக்கு வரைபடம் வாங்க வந்தவர், நான் போட்டிருந்த ஒரு கோட்டைக் காட்டி, அந்த ஓடைக்கு வடக்கே செங்குத்துப் பாறை, அங்கே எவனும் கோடு வெட்ட முடியாது, கிழக்கே தள்ளிப் போடு என்றார். தள்ளிப் போட்டேன்.