மிளகாய்த்தூளுக்கு லேபில் என்னென்ன சோதனை கேட்க வேண்டும்?

குடியாத்தத்தில் குழுவாக அரைத்து விற்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது மாதிரி எடுக்கும் முறை. மேல் மூட்டையில் ஒரு கை அள்ளி அனுப்பினால் முடிவுக்கு மதிப்பே இல்லை. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சரக்கில் சமமாகப் பரவியிருக்காது. பூசணம் பிடித்த சில காய்களில் குவிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என எடுத்துக் கலந்து குவியுங்கள். அதை நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, அரைக் கிலோ வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். காற்றுப் புகாத உறையில் உடனே கட்டுங்கள், இல்லையேல் ஈரப்பத அளவு மாறிவிடும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியின் சோதனைக்குத் தனியாக எடுங்கள், கிருமி நீக்கிய உறையில், கை படாமல்.

தூளுக்கு ஈரப்பதம் 11 சதவீதம், மொத்தச் சாம்பல் (தூளை எரித்தபின் மிஞ்சுவது) 8 சதவீதம், அமிலத்தில் கரையாத சாம்பல் 1.3 சதவீதம் தாண்டக் கூடாது. கடைசி எண் கூடினால் மண் சேர்ந்திருக்கிறது; பெரும்பாலும் தரையில் காயப்போட்டதன் விளைவு, தார்ப்பாய் விரித்தாலே குறையும். சிவப்பு நிறத்துக்காகக் கலப்படம் செய்யும் சூடான் சாயத்தை, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி போன்ற லேப் கருவியில்தான் உறுதி செய்ய முடியும். தண்ணீரில் போட்டுப் பார்க்கும் வீட்டுச் சோதனை இதற்கு உதவாது, அந்தச் சாயம் எண்ணெயில் கரைவது. அஃப்ளாடாக்சின் வெயிலில் போட்டாலும் வறுத்தாலும் ஒழியாது. அது உள்ள சரக்கை நல்லதோடு கலக்கவே கலக்காதீர்கள்.

லேபுக்கு என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் கேட்கும் சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்தபின் பணம் கட்டுங்கள்.