வேலூர் பக்கம் ஏரியில் தூண்டில் போட 13 வயதுப் பையனுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் அண்ணன் மகன் மீன்பிடிக்க லைசென்ஸ் வாங்கியிருக்கிறான், காட்பாடியில் வளரும் உங்கள் பையனுக்கும் அப்படி ஏதாவது வேண்டுமா, இந்த ஆசையால் பின்னால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இங்கிலாந்தில் 13 முதல் 16 வயது வரை லைசென்ஸ் கட்டாயம், ஆனால் காசு கிடையாது. 13 ஆகாத பிள்ளைக்கு அதுவும் தேவையில்லை. நம் பக்கம் 30 வருடமாகத் தூண்டில் போடுகிறேன், லைசென்ஸ் எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. "யாரைக் கேட்டு இங்க உக்காந்த?" என்று கேட்டிருக்கிறார்கள். ஏரி ஊருக்கே பொதுதான், மீனுக்கு மட்டும் சொந்தக்காரர் உண்டு. பெரிய ஏரிகள் நீர்வளத்துறை கையில், சின்னவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். மீன்பிடி உரிமையை ஏலம் விடுவார்கள், இல்லை மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் குத்தகைக்குத் தருவார்கள். எடுத்தவர் கைக்காசு போட்டு கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருப்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது ஆற்காடு பக்கம் எங்கள் ஊர் ஏரியில் காவலுக்கு இருந்தவர் என் மூங்கில் குச்சியைப் பிடுங்கி முறித்துப் போட்டார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா மறுநாள் என்னை அழைத்துப்போய் குத்தகைக்காரரிடம், "அண்ணே, பையன் ஒரு குச்சி வச்சிக்கிறான், தடுக்காதீங்க" என்றார். "குச்சின்னா சரி. வலையோட வந்தா விடமாட்டேன்" என்றார் அவர். அன்றிலிருந்து தடை இல்லை. நீங்களும் பையனோடு நேரில் போய்க் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். குத்தகை யாரிடம் என்று ஏரிக்கரை டீக்கடையில் விசாரித்தாலே தெரிந்துவிடும்.

மீன் பிடிக்க வெடி வைப்பதும் தண்ணீரில் விஷ மருந்து கலப்பதும் 1897-ஆம் வருடச் சட்டத்திலிருந்தே குற்றம். கரண்டு வைத்துப் பிடிப்பவர்கள் பக்கத்தில் பையன் நிற்கவே கூடாது. மோர்தானா அணைப் பக்கம் சுற்றிலும் காடு, யானை நடமாட்டம் உண்டு, தனியாக அனுப்பாதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு கலக்கும் பாலாற்று ஓடைகளில் பிடித்த மீனைச் சமைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் மண் எடுத்த பள்ளங்கள்தான். கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது லாரி லாரியாக மண் அள்ளுவார்கள். மழையில் தண்ணீர் ஏறியதும் மேலே எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் ஆழம் என்று நடந்து போகிற பிள்ளை அடுத்த அடியில் ஆளை முழுங்கும் பள்ளத்தில் இருப்பான். ஆகவே ஏரி வற்றியிருக்கும்போதே ஒருமுறை கரையோரமாகக் கூட்டிப்போய்ப் பள்ளங்களைக் காட்டிவிடுங்கள். நீச்சல் தெரிந்தாலும் கரையில் உட்கார்ந்துதான் போட வேண்டும். ஏரி நிரம்பிக் கோடி போகும்போது, அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடும்போது, மீன் எதிர்நீரில் ஏறுகிறது என்று ஊரே ஓடும். அந்த இழுப்பில் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

இன்னொன்று, விரால். தண்ணீர் மேல் சிவப்பாக, கொதிப்பது போல ஒரு கூட்டம் நகர்ந்தால் அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்த நேரத்தில் பெரிய மீனைத் தூக்கினால் குஞ்சு மொத்தமும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும். அங்கே தூண்டில் முள் போடக்கூடாது என்று இப்போதே சொல்லி வளருங்கள்.

எதிர்காலம் கேட்டீர்கள். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தால் நான்கு வருட மீன்வளப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கென்றே நாகப்பட்டினத்தில் 2012-ல் பல்கலைக்கழகம் வந்தது. தூத்துக்குடியிலும், நமக்குப் பக்கத்தில் பொன்னேரியிலும் அதன் கல்லூரிகள் உண்டு. சொந்தமாக மீன் குட்டை போட நினைத்தால், 2020-ல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 60 சதவீதம் மானியம் என்று வைத்தார்கள்.

இப்போதைக்கு ஜிலேபியில் ஆரம்பிக்கட்டும். 1952-ல் வெளிநாட்டிலிருந்து வந்த மீன், இன்று பெரும்பாலான ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது, பையன் நாலு பிடித்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். சின்ன முள், மண்புழு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை போதும். தக்கை இரண்டு முறை துடிக்கும், அப்போது இழுக்கக் கூடாது. சாய்ந்து பக்கவாட்டில் ஓடும்போது சுண்டச் சொல்லுங்கள்.